கொண்டைக்குருவியை ஏன் நின்று பார்க்க வேண்டும்?

பறவை பார்க்கப் போகிறவர்களோடு ஒரு காலை நடந்தால் இந்த வார்த்தை கட்டாயம் காதில் விழும்: "கொண்டைக்குருவிதான்." கிளையில் ஏதோ அசையும். பைனாகுலர் கண்ணுக்குப் போகும். கறுத்த தலையும் குட்டைக் கொண்டையும் தெரிந்ததுமே அது கழுத்துக்கு இறங்கிவிடும். எல்லாரும் அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிடுவார்கள்.

இத்தனைக்கும், இதே குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள்தொண்டைக் கொண்டைக்குருவிக்காக ராத்திரியே கிளம்பி, விடிவதற்குள் நந்தி மலைக்கோ ஆர்ஸ்லி மலைக்கோ போய்க் காத்திருப்பவர்கள் உண்டு. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. அதைத் தேடிப் போவதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அதற்காக மணிக்கணக்கில் நிற்பவர், தன் வீட்டு மதிலில் உட்கார்ந்திருக்கும் உறவுக்காரப் பறவைக்கு அரை நிமிஷம்கூட ஒதுக்குவதில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அரிதாக இருப்பது எப்படி ஒரு கதையோ, எங்கும் நிறைந்திருப்பதும் அப்படியே ஒரு கதைதான். ஒரு பறவை காட்டிலும், வயலிலும், பஸ் ஸ்டாண்டிலும், மொட்டை மாடியிலும் ஒரே மாதிரி பிழைக்கிறது என்றால் அதற்குக் காரணங்கள் இருக்க வேண்டும். அந்தக் காரணங்கள் நம் கண்ணெதிரே தினமும் நடந்துகொண்டிருக்கின்றன.

நான் சொல்வது செம்புழைக் கொண்டைக்குருவியை. சின்னான் என்றும் சொல்வார்கள். மைனாவைவிடக் கொஞ்சம் சிறியது, வால் வரை அளந்தால் சுமார் 20 சென்டிமீட்டர் வரும். தூரத்தில் பார்த்தால் அழுக்குப் பழுப்பாக, ஒன்றும் விசேஷமில்லாமல் தெரியும். காலை வெயிலில் பத்தடி தூரத்தில் வைத்துப் பார்த்தால் வேறு பறவை. தலை நல்ல கறுப்பு. முதுகிலும் மார்பிலும் உள்ள ஒவ்வொரு கரும்பழுப்பு இறகுக்கும் வெளிறிய விளிம்பு இருப்பதால் உடம்பு முழுக்க மீன்செதில் போட்டது போலிருக்கும். வாலின் நுனி வெள்ளை. வாலடியில் சிவப்பு. பறக்கும்போது முதுகின் கீழ்ப்பகுதியில் ஒரு வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். இதை வைத்தே, பின்னாலிருந்து பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடலாம். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. குஞ்சாக இருந்து வெளிவந்த புதிதில் அந்தச் சிவப்பு அவ்வளவு அழுத்தமாக இருக்காது, இறகும் மங்கலாக இருக்கும். கொண்டை எப்போதும் நிமிர்ந்தே இருக்காது. பரபரப்பு வந்தால் எழும், ஆசுவாசமானால் படியும். கொஞ்ச நேரம் பார்த்தால், அடுத்து அது என்ன செய்யப் போகிறது என்பதைக் கொண்டையை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம்.

இதைச் சரியாகக் கவனிக்காமல் விடுவது இன்று நேற்று தொடங்கிய பழக்கமும் இல்லை. 1760-இல் பிரான்ஸைச் சேர்ந்த பறவை ஆய்வாளர் பிரிஸ்ஸோன் இந்தப் பறவையை விவரித்து எழுதியபோது, தன்னிடம் வந்த மாதிரிப் பறவை தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது என்று நம்பினார். 1766-இல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் அதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டு ஆப்பிரிக்காவைக் குறிக்கும் அறிவியல் பெயரைச் சூட்டிவிட்டார். ஆப்பிரிக்காவில் இந்தப் பறவை இயற்கையாக இருந்ததே இல்லை. பாகிஸ்தானிலிருந்து மியான்மர் வரை, தெற்கே இலங்கை வரை இருப்பது. இந்தப் பெயர் எந்த ஊர்ப் பறவைக்கு வைக்கப்பட்டது என்று காட்டும் மூல இடம் பிற்காலத்தில் திருத்தப்பட்டு, 1952-இல் ஜெர்மானிய அறிஞர் ஸ்ட்ரெஸ்மான் அதைப் புதுச்சேரி என்று நிர்ணயித்தார். ஆக, அறிவியல் கணக்குப்படி இது புதுச்சேரிப் பறவை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்துத்தான் அதன் சொந்த ஊர் அதற்குக் கிடைத்தது.

சரி, எப்படி இவ்வளவு பரவலாக வாழ்கிறது? முதல் காரணம் வயிறு. பழம்தான் பிரதானம், ஆனால் அது கிடைக்காவிட்டால் பட்டினி கிடக்காது. முருங்கைப் பூவிலும் கல்யாண முருங்கையிலும் தேன் குடிக்கும், பூவிதழையே பிய்த்துத் தின்னும், இலைப்புழுவைப் பொறுக்கும். மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பினால், கம்பியிலிருந்து எழும்பி அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு திரும்ப வந்து உட்காரும். வீட்டுப் பல்லியைப் பிடித்துத் தின்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. தேன்சிட்டுக்குப் பூ வேண்டும், பச்சைப்புறாவுக்குப் பழமரம் வேண்டும். கொண்டைக்குருவிக்கு அப்படி ஒரே ஒரு நம்பிக்கை இல்லை. தெருவில் ஒரு சர்க்கரைப்பழ மரமும், அடுத்த வீட்டில் ஒரு செம்பருத்தியும் இருந்தால் போதும், குடும்பம் நடத்திவிடும்.

இந்தப் பழப் பசிக்குள் ஒரு ரசாயன விஷயமும் இருக்கிறது. பெரும்பாலான விலங்குகள் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சி-யை உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனால் முடியாது, உணவிலிருந்துதான் பெற வேண்டும். கல்கத்தாவில் ராய், குஹா என்ற இரு விஞ்ஞானிகள் 1958-இல் வெளியிட்ட ஆய்வு, கொண்டைக்குருவியாலும் முடியாது என்று காட்டியது. அந்தச் சமயத்தில் இது பெரிய ஆச்சரியம். பிறகுதான் வேறு பல பாடும் பறவைகளும் இப்படித்தான் என்று தெரியவந்தது. தெருவில் எல்லாரும் கடந்துபோகும் ஒரு பறவை, உயிர்வேதியியலில் ஒரு புதுக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது.

தின்பது ஒரு பாதி என்றால், தின்ற பிறகு நடப்பது இன்னொரு பாதி. சிறு பழங்களைக் கொண்டைக்குருவி முழுசாக விழுங்கும். சதை செரித்து, விதை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும். அதற்குள் பறவை வேறு மரத்துக்கோ, வேலிக்கோ, மின்கம்பிக்கோ போயிருக்கும். உங்கள் வீட்டுக் கொல்லையில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கறிவேப்பிலை மரத்தின் வேரிலிருந்து கிளம்பும் கன்றுகள் தாய்மரத்தை ஒட்டியே நிற்கும். ஆனால் யாரும் நடாமலே தள்ளி, மதில் ஓரத்திலும் கம்பிவேலிக்கு நேர் கீழேயும் கறிவேப்பிலைக் கன்று வந்திருந்தால், அது பறவை போட்ட விதையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கறுத்துப் பழுத்த அந்தச் சின்னப் பழங்களுக்குக் குயிலும் வரும், கொண்டைக்குருவியும் வரும். மணத்தக்காளி வேலியோரத்தில் தானாக வருவதும், சுவரிடுக்கில் அரசும் ஆலும் முளைப்பதும் இதே வகைதான். சந்தன மரத்தின் விதையைப் பரப்புகிறவர்களில் இதுவும் ஒன்று. ஒரு வேலியைத் தொடர்ந்து நான்கு மாதம் பார்த்தால், எந்தெந்தப் பழம் எப்போது பழுக்கிறது என்கிற பஞ்சாங்கமே கிடைத்துவிடும்.

இதில் நல்லது கெட்டது என்று பறவை பிரித்துப் பார்க்காது. உன்னிச்செடியை வெள்ளைக்காரர்கள் அழகுக்காக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டின் அடித்தளத்தையே மூடிக் கிடக்கிறது. அதன் கறுத்த பழங்களைத் தின்று விதையைத் தூவியதில் கொண்டைக்குருவிக்கும் பங்கு உண்டு. செடியைக் கொண்டுவந்தது மனிதன். பறவை தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது.

அந்த வேலை எவ்வளவு வலுவானது என்பது தீவுகளுக்குப் போனபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 1903 வாக்கில், ஃபிஜிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் வழியாகக் கொண்டைக்குருவி அங்கே போய்ச் சேர்ந்தது. ஊரை விட்டு அவ்வளவு தூரம் போகிறவர்கள் ஒரு கூண்டில் ஊர்ச் சத்தத்தையும் எடுத்துப் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கூண்டிலிருந்து தப்பியதும் விட்டதுமாகப் பறவை நிலைகொண்டது. அப்புறம் சமோவா, டோங்கா, தாஹிதி, நியூ கலிடோனியா, ஹவாயின் ஓவாஹு என்று பசிபிக் முழுக்கப் பரவியது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1950-களில் தென்பட்டபோது, அங்கிருந்தவர்கள் முழுமூச்சாக இறங்கி ஒழித்துவிட்டார்கள். தாஹிதியின் மலைக்காடுகளை ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருந்த மைகோனியா என்ற தென் அமெரிக்க மரத்தின் விதைகளை இது சரிவு சரிவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பழத்தோட்டக்காரர்களுக்கும் ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கும் தலைவலி ஆனது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு ஒரு பட்டியல் தயாரித்தபோது, அதில் இடம்பிடித்த பறவைகள் மூன்றே மூன்று. ஒன்று ஐரோப்பிய ஸ்டார்லிங். மற்ற இரண்டும் நம்முடையவை: மைனாவும் கொண்டைக்குருவியும்.

இதைப் படித்துவிட்டு "பொல்லாத பறவை" என்று நினைக்க வேண்டாம். இங்கே அதன் முட்டையைத் தின்ன ஓணான் இருக்கிறது, குஞ்சைத் தூக்கச் செம்போத்தும் காகமும் இருக்கின்றன, அது தின்னும் பழத்துக்குப் போட்டியாக இன்னும் பத்துப் பறவை இருக்கிறது. தீவில் இந்தக் கடிவாளம் எதுவும் கிடையாது. அதே சுபாவம், வேறு இடம்.

ஓவாஹுவில் நடந்த ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே மொனார்க் பட்டாம்பூச்சிகள் எருக்கஞ்செடியில் வளர்கின்றன. நம் ஊர் எருக்கு, அங்கே மாலை கட்டும் பூவுக்காகக் கொண்டுபோய் நட்டது. எருக்கம்பாலின் நஞ்சு புழுவின் உடம்பில் சேர்ந்து, வளர்ந்த பட்டாம்பூச்சியிலும் தங்கிவிடுவதால் பல பறவைகள் மொனார்க்கைத் தொடாது. அதன் ஆரஞ்சு நிறமே "கிட்டே வராதே" என்கிற எச்சரிக்கைப் பலகை. 1960-களில் இரண்டு வகைக் கொண்டைக்குருவிகள் அந்தத் தீவில் நிலைகொண்டன. அவை இந்தப் பலகையை மதிக்கவில்லை, மொனார்க்கைத் தின்னத் தொடங்கின. அதன் பிறகு, ஆரஞ்சுக்குப் பதில் வெள்ளை நிறத்தில் பிறக்கும் அபூர்வ மொனார்க்குகளின் விகிதம் அங்கே ஏறியதை ஆய்வாளர்கள் கண்டார்கள். பறவைகள் பழகிப்போன ஆரஞ்சையே தேடித் தின்றதால் வெள்ளை தப்பித்தது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். இயற்கைத் தேர்வு என்று பாடப்புத்தகத்தில் படிப்பதை ஒரு தெருக்குருவி சில பத்தாண்டுகளில் நடத்திக் காட்டியிருக்கிறது.

குரலுக்கு வருவோம். பாட்டு என்று மட்டும் எடுத்துக்கொண்டால் குண்டுகரிச்சானோடு கொண்டைக்குருவி போட்டி போட முடியாது. இதனுடையது மூன்று நான்கு அசைகளில் முடிந்துவிடும் சின்னச் சின்ன வாக்கியம், துள்ளலான தொனி, அவ்வளவுதான். ஆனால் இருட்டு முழுசாகக் கலைவதற்கு முன்பே தொடங்கும் முதல் சில குரல்களில் இது இருக்கும். பாட்டைவிட எனக்குப் பிடித்தது அதன் அன்றாடப் பேச்சு. ஜோடியைச் சந்திக்கும்போது ஒரு குரல், பறந்து கிளம்பும்போது ஒன்று, அடையப் போகும்போது ஒன்று, குஞ்சு இரை கேட்க ஒன்று, அபாயத்துக்கு வேறு. சாயங்காலம் ஒரு புதரில் பத்துப் பதினைந்து சேர்ந்து அடையும் நேரத்தில் கேட்டால், இந்த வித்தியாசங்கள் காதுக்குப் பிடிபடத் தொடங்கும்.

அபாயக் குரல்தான் முக்கியமானது. வல்லூறு தாழ்வாக வந்தாலோ, பூனை புதரடியில் பதுங்கினாலோ, பாம்பு கிளையேறினாலோ கொண்டைக்குருவி கரகரவென்று கத்தத் தொடங்கும். அதைக் கேட்டுத் தவிட்டுக்குருவி சேர்ந்துகொள்ளும், கரிச்சான் வரும், தையல்சிட்டு கீழ்க்கிளையிலிருந்து கிச்சிடும். மற்ற பறவைகள் இதன் சொல்லை நம்புகின்றன. பறவை பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி ஏது? பகலில் பொந்தோரம் தூங்கும் புள்ளி ஆந்தையை நாமாகத் தேடினால் கண் வலிக்கும். கொண்டைக்குருவிகள் கூட்டமாக ஒரே இடத்தைப் பார்த்துக் கத்துவதைக் கவனித்துப் போனால் ஆந்தை அங்கே இருக்கும். "கொண்டைக்குருவிதான்" என்று நகர்ந்துவிடுகிறவர், தான் தேடி வந்த பறவை இருக்கும் இடத்தைச் சொல்லும் குரலையும் சேர்த்துத்தான் தவறவிடுகிறார்.

இந்தச் சுறுசுறுப்பே அதற்கு வினையானதும் உண்டு. சண்டைக்குத் தயங்காத சுபாவம் என்பதால் பிடித்து, கயிறு கட்டி, பழக்கி, மோதவிடுவது வடக்கே பழைய வழக்கம். அசாமில் ஹாஜோ என்னும் ஊரின் ஹயக்ரீவ மாதவர் கோயிலில் தை மாத அறுவடைத் திருவிழாவான போகாலி பிஹுவின்போது இது பெரிய விழாவாகவே நடந்துவந்தது. சில ஆண்டுகள் நின்றுபோய், 2024 ஜனவரியில் மறுபடி தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் கௌஹாத்தி உயர்நீதிமன்றம், அதை அனுமதித்த அரசு விதிமுறையை ரத்துசெய்தது. பட்டினி போட்டு ஒரு வாழைப்பழத் துண்டுக்காக இரண்டு பறவைகளை மோதவிடுவதை மரபு என்ற பெயரில் என்னால் ஏற்க முடியாது. தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன்.

பொதுவான பறவையைக் கணக்கில் சேர்ப்பது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. வெண்முதுகுப் பாறுக் கழுகை நினைத்துப் பாருங்கள். 1980-களில், உலகிலேயே அதிக எண்ணிக்கையில் உள்ள பெரிய இரைகொல்லிப் பறவை இதுவாகத்தான் இருக்கும் என்று எழுதினார்கள். அவ்வளவு இருந்ததை யார் எண்ணுவார்கள்? மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டின் வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைப் பாழாக்கி, 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. காரணத்தைக் கண்டுபிடித்துக் கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-இல் தடை செய்வதற்குள் காலம் கடந்துவிட்டது. சிட்டுக்குருவி கதை நேர் எதிர். ஊரெல்லாம் அழிந்துவிட்டது என்று பேச்சு. செல்போன் கோபுரம்தான் காரணம் என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. ஆயிரக்கணக்கான பறவை ஆர்வலர்களின் பதிவுகளைத் திரட்டி 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைகிறது என்று சொன்னது. இப்படிச் சொல்ல முடிந்தது, சிட்டுக்குருவியையும் மெனக்கெட்டு எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான்.

அதனால்தான் பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்டு தளத்தில் பதிவு போடும்போது, பார்த்த எல்லாப் பறவையையும் எழுதினீர்களா என்று ஒரு கேள்வி வருகிறது. ஆம் என்றால் அந்தப் பட்டியலில் இல்லாத பறவை அங்கே அப்போது தென்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சுவாரசியமானதை மட்டும் எழுதினால், கொண்டைக்குருவி இல்லையா, எழுத மனமில்லையா என்று பின்னால் வரும் ஆய்வாளருக்குத் தெரியாது. பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு வேடந்தாங்கலுக்குப் போக வேண்டும் என்பதில்லை. மொட்டை மாடியில் கால் மணி நேரம் நின்று, தெரிந்த பறவைகளை எண்ணிக்கையோடு எழுதினாலே அது நல்ல பதிவு. எண்ணிக்கைக்குப் பதில், பறவை இருந்தது என்று மட்டும் காட்டும் பெருக்கல் குறியைப் போட்டுவிடாமல், இரண்டா ஐந்தா என்று எழுதினால் இன்னும் நல்லது.

கடைசியாக, கூடு. குடும்ப வாழ்க்கையை நமக்கு இவ்வளவு கிட்டத்தில் காட்டும் பறவைகள் குறைவு. நம் பக்கத்தில் கோடைக்குச் சற்று முன்பிருந்தே கூடு கட்டுவதைப் பார்க்கலாம். செம்பருத்தி, குரோட்டன்ஸ், வாசல் மணிபிளான்ட், கூடத்து டியூப்லைட் பட்டி வரை எங்கும் கட்டும். காய்ந்த புல், மெல்லிய வேர், சுள்ளி ஆகியவற்றைச் சிலந்தி நூலால் சேர்த்துக் கட்டிய சின்னக் கிண்ணம், பல சமயம் நம் தோள் உயரத்தில். இரண்டு அல்லது மூன்று முட்டை, வெளிறிய இளஞ்சிவப்பில் செந்நிறப் புள்ளிகளோடு. புள்ளிகள் அகன்ற முனையில் அடர்ந்திருக்கும். ஏறக்குறைய 14 நாளில் குஞ்சு பொரியும். தாயும் தகப்பனும் மாறி மாறி முதலில் புழுவையும் பிறகு பழத்தையும் ஊட்டும். கூட்டிலிருக்கும் எச்சத்தைக்கூட வாயால் எடுத்து அப்புறப்படுத்தும். பல கூடுகள் தோற்றுப்போகும். அடிக்கடி கிட்டே போய் எட்டிப் பார்ப்பதும், செல்போனை நீட்டுவதும், மறைத்திருக்கும் இலையை ஒதுக்குவதும் காகத்துக்கு வழி காட்டுவதாகிவிடும். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்ப்பதே போதும்.

பொரித்த இரண்டு வாரத்துக்குள்ளாகவே குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கிவிடும். அப்போது சரியாகப் பறக்கத் தெரியாது, வாலும் முழுசாக வளர்ந்திருக்காது. செடியடியில் தத்தித் தத்தி நிற்பதைப் பார்த்து, விழுந்துவிட்டது என்று அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்துப் பாலும் சோறும் ஊட்டுகிறவர்கள் நிறைய. வேண்டாம். காயம் இல்லை, இறகு முளைத்திருக்கிறது என்றால் அது இருக்க வேண்டிய நிலையில்தான் இருக்கிறது. பூனை நடமாடும் இடமாக இருந்தால், பக்கத்திலுள்ள புதரில் கொஞ்சம் உயரமாக எடுத்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். நீங்கள் தள்ளிப் போனதும் பெரிய பறவை இரண்டில் ஒன்று வாயில் புழுவோடு வந்துவிடும்.